ஒரு துறைக்குச் சொன்ன விவரம் இன்னொரு துறைக்குப் போகும்போது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டு வரிக்காக மாநகராட்சியில் கொடுத்த செல்போன் எண், ரேஷன் கார்டுக்குக் கொடுத்த ஆதார், மின் இணைப்பில் பெயர் மாற்றக் கொடுத்த பத்திர நகல், குழந்தை பிறந்ததைப் பதியக் கொடுத்த அப்பா அம்மா விவரம். இவை இப்போது கொடுத்த இடத்திலேயே நிற்பதில்லை. துறைகள் ஒன்றுக்கொன்று பகிர்ந்துகொள்கின்றன. அதனால் நன்மையும் உண்டு, கெடுதலும் உண்டு. தமிழ்நாட்டில் வசிப்பவர்கள் இது பற்றிப் பொதுவாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன்.

மாநகராட்சிக்குக் கொடுத்த விவரத்தை அவர்கள் வேறு துறைக்குக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். ஆனால் எதற்கு வேண்டுமானாலும் கொடுத்துவிட முடியாது. 2017 ஆகஸ்ட் 24 அன்று, புட்டசாமி வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தரங்க உரிமை அடிப்படை உரிமைதான் என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அரசியலமைப்பின் பிரிவு 21 சொல்லும் உயிர்வாழும் உரிமைக்குள் அது அடங்கும். அதில் அரசு கை வைப்பதற்கு ஒரு சட்டம் வேண்டும், நியாயமான நோக்கம் வேண்டும், அந்த நோக்கத்துக்குத் தேவைப்படும் அளவை மீறவும் கூடாது. உள்ளாட்சி அமைப்புகளும் அரசின் அங்கம்தான், அவற்றுக்கும் இது பொருந்தும்.

முதல் இரண்டையும் துறைகள் எப்படியாவது காட்டிவிடும். அரசாணை இருக்கும், நலத்திட்டம் என்ற நோக்கமும் இருக்கும். மூன்றாவதில்தான் பெரும்பாலும் கோட்டைவிடுகிறார்கள்.

"தேவைப்படும் அளவு" என்றால் நடைமுறையில் என்ன?

கலைஞர் மகளிர் உரிமைத்தொகையை எடுத்துக்கொள்வோம். 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கிய திட்டம் இது, மாதம் 1,000 ரூபாய். குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும், நன்செய் 5 ஏக்கரையோ புன்செய் 10 ஏக்கரையோ தாண்டக் கூடாது, வீட்டு மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள் இருக்க வேண்டும், கார் இருக்கக் கூடாது என்றெல்லாம் நிபந்தனைகள் இருந்தன. ஒன்றரைக் கோடிக்கும் மேல் விண்ணப்பங்கள் வந்தன. ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்குப் பணம் கிடைத்தது.

இத்தனை விண்ணப்பங்களையும் வீடு வீடாகப் போய்ச் சரிபார்த்து முடிக்க முடியாது. நிலத்துக்கு வருவாய்த்துறை, மின்சாரத்துக்கு மின்வாரியம், வண்டிக்குப் போக்குவரத்துத்துறை என்று பதிவுகளைப் பொருத்திப் பார்த்தே ஆக வேண்டும். அப்படிச் செய்யாமல் ஒவ்வொன்றுக்கும் சான்றிதழ் கேட்டிருந்தால், கூலி வேலைக்குப் போகும் பெண்கள் வேலையை விட்டுவிட்டு வி.ஏ.ஓ. அலுவலகத்துக்கும் தாலுகா அலுவலகத்துக்கும் அலைந்திருப்பார்கள். அதனால் பகிர்வதையே குற்றம் என்று நான் சொல்ல மாட்டேன். எவ்வளவு பகிர்கிறார்கள் என்பதே என் கேள்வி.

மின்வாரியத்திடமிருந்து இந்தத் திட்டத்துக்கு வேண்டியது ஒரே ஒரு பதில்: இந்த இணைப்பு 3,600 யூனிட்டைத் தாண்டியதா, இல்லையா. கணக்கெடுப்பு வாரியாக எத்தனை யூனிட் என்ற பட்டியல் வேண்டியதில்லை. அந்தப் பட்டியலைப் பார்த்தால் வீடு எப்போது பூட்டிக் கிடந்தது, எப்போது ஏ.சி. வாங்கினார்கள் என்பதுவரை ஊகிக்கலாம். போக்குவரத்துத்துறையும் அப்படித்தான்: கார் உண்டு, இல்லை என்று சொன்னால் போதும். வண்டி எண்ணும் மாடலும் எதற்கு? கேட்ட கேள்விக்கு மட்டும் 'ஆம்', 'இல்லை' என்று பதில் தரும்படி துறைகளின் கணினிகளை இணைப்பது தொழில்நுட்பத்தில் ஒன்றும் சிரமம் இல்லை. மொத்தக் கோப்பையும் பென் டிரைவில் எடுத்துக் கொடுப்பது சுலபம் என்பதால்தான் அந்தப் பழக்கம் போக மாட்டேன் என்கிறது.

ஒவ்வொரு முறையும் என் சம்மதத்தைக் கேட்க வேண்டாமா?

வேண்டாம் என்கிறது சட்டம். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023, பிரிவு 7(ஆ)வின்படி, மானியம், உதவித்தொகை, சேவை, சான்றிதழ், உரிமம், அனுமதி ஆகியவற்றைத் தருவதற்காக அரசு உங்கள் விவரத்தைப் புதிதாகச் சம்மதம் கேட்காமலே பயன்படுத்தலாம். இது போன்ற ஏதோ ஒரு பயனுக்காக முன்பு நீங்கள் சம்மதம் கொடுத்திருந்தால் போதும். அல்லது மத்திய அரசு அறிவிக்கை செய்த அரசுப் பதிவேடு ஒன்றில் உங்கள் விவரம் ஏற்கெனவே இருந்தாலும் போதும். முதியோர் ஓய்வூதியத்துக்குக் கொடுத்ததை வீட்டுவசதித் திட்டத்துக்கும் எடுத்துக்கொள்ளலாம்.

இந்த வாசல் மிக அகலமாக இருக்கிறது என்பது என் கருத்து. இருந்தாலும் எல்லை இல்லாமல் இல்லை. மேலே சொன்ன நோக்கங்களுக்கு மட்டுமே இந்தச் சலுகை. உங்கள் வீட்டு வரிப் பட்டியலைத் தனியார் காப்பீட்டு நிறுவனத்துக்குக் கொடுப்பது இதில் அடங்காது. இப்படி அரசு பயன்படுத்தும்போதும் தேவையான விவரத்தை மட்டும் எடுக்க வேண்டும், அது சரியாக இருக்க முயற்சி எடுக்க வேண்டும், பாதுகாக்க வேண்டும், யாரைத் தொடர்புகொள்வது என்று மக்களுக்குச் சொல்ல வேண்டும் என்று இந்தச் சட்டத்துக்கான 2025ஆம் ஆண்டு விதிகளின் இரண்டாம் அட்டவணை சொல்கிறது.

பொருத்திப் பார்ப்பதில் தவறு நேர்ந்தால்?

இதுதான் எனக்கு மிகவும் கவலை தரும் விஷயம். விவரம் திருட்டுப் போவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். ஆனால் ஏழைக் குடும்பத்தின் அடுப்பை நேராகப் பாதிப்பது தப்பான பொருத்தம்.

தெலங்கானாவில் 'சமக்ர வேதிகா' என்ற அமைப்பு பல துறைகளின் பதிவுகளை இணைத்து, வசதியுள்ளவர்கள் யார் என்று கண்டுபிடிக்கப் பயன்பட்டது. அம்மாநிலத்தில் ரத்தான சுமார் 19 லட்சம் ரேஷன் கார்டுகளைக் களத்துக்குப் போய் மறுபடியும் சரிபார்க்கும்படி 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஹரியானாவில் 'பரிவார் பெஹ்சான் பத்திரம்' என்ற குடும்ப அடையாளப் பதிவைக் கொண்டு ஓய்வூதியம் வழங்கினார்கள். அதில் இறந்துவிட்டதாகக் குறிக்கப்பட்டு ஓய்வூதியம் நின்றுபோன முதியவர்கள், நாங்கள் உயிரோடுதான் இருக்கிறோம் என்று அலுவலகம் அலுவலகமாக ஏற வேண்டியிருந்தது.

நம் ஊரில் இது நடக்க இன்னும் சில காரணங்கள் உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். ஒரு பதிவில் இனிஷியல் முன்னால் இருக்கும், இன்னொன்றில் பின்னால் இருக்கும், ஆதாரில் அது விரிந்து அப்பா பெயராகவே நிற்கும். லட்சுமி என்ற பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாகத் தட்டச்சு செய்கிறார்கள் என்று பாருங்கள். கிராமத்தில் பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருக்கும், அல்லது அண்ணன் தம்பி நால்வருக்கும் கூட்டுப் பட்டாவாக இருக்கும். அந்த முழு நிலத்தையும் ஒருவர் கணக்கில் எழுதிவிட்டால் அவர் தாளில் பெரிய நிலக்காரர் ஆகிவிடுவார். நகரத்திலோ மின் இணைப்பு வீட்டுக்காரர் பெயரில் இருக்கும். மாடியில் இரண்டு, கீழே இரண்டு என்று குடித்தனங்கள் ஒரே மீட்டரில் ஓடும். நான்கு வீட்டு மின்சாரம் ஒரு விண்ணப்பதாரரின் தலையில் விழலாம்.

கணினி காட்டும் பொருத்தத்தைச் சந்தேகமாக மட்டுமே எடுத்துக்கொள்ள வேண்டும். அதை முடிவாக எடுத்துக்கொண்டு பணத்தையோ அரிசியையோ நிறுத்தக் கூடாது. நிறுத்துவதற்கு முன்னால் உரியவருக்குத் தமிழில், எந்தத் துறையின் எந்தப் பதிவால் இந்தச் சந்தேகம் வந்தது என்று எழுத்தில் சொல்லி, பதில் சொல்ல அவகாசம் கொடுக்க வேண்டும். பாதிக்கப்படுகிறவரின் தரப்பைக் கேட்காமல் முடிவெடுக்கக் கூடாது என்ற இயற்கை நீதி கணினி வந்ததால் காலாவதி ஆகிவிடவில்லை.

என் விண்ணப்பம் மறுக்கப்பட்டுவிட்டது. எந்தத் துறையின் பதிவால் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் மேல்முறையீடு. 2023இல் உரிமைத்தொகைக்கு மறுப்பு வந்தவர்கள் 30 நாளுக்குள் இ-சேவை மையம் வழியாக வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்ய வழி இருந்தது. மற்ற திட்டங்களுக்கும் இப்படி ஒரு வழி இருக்கிறதா என்று மறுப்பு வந்த உடனே விசாரியுங்கள், நாள் கடத்த வேண்டாம்.

அதோடு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டணமே இல்லை. கேள்வியைச் சுற்றிவளைக்காமல் எழுதுங்கள்: "என் விண்ணப்பம் எண் இன்னது. இதைச் சரிபார்க்க எந்தெந்தத் துறைகளின் பதிவுகள் பார்க்கப்பட்டன? எந்தப் பதிவின் அடிப்படையில் மறுக்கப்பட்டது? அந்தப் பதிவின் நகலைத் தரவும்." 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ அரைகுறையாக வந்தாலோ 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கும், அதற்குப் பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கும் போகலாம். உங்கள் விவரத்தை நீங்களே கேட்கும்போது "இது தனிநபர் தகவல், தர முடியாது" என்ற பதில் செல்லாது.

தவறு எங்கே என்று தெரிந்ததும் அதை மூலத்திலேயே திருத்துங்கள். பட்டா என்றால் தாசில்தார் அலுவலகம், மின் இணைப்பு என்றால் மின்வாரியப் பிரிவு அலுவலகம், ரேஷன் கார்டு என்றால் வட்ட வழங்கல் அலுவலர். திட்ட அலுவலகத்தில் மட்டும் சரிசெய்துவிட்டு வந்தால், மூலப் பதிவில் உள்ள பிழை அடுத்த திட்டத்தில் மறுபடி தலைகாட்டும். எங்கும் வேலை நடக்கவில்லை என்றால் முதல்வரின் உதவி மைய எண் 1100.

யாருக்கெல்லாம் என் விவரத்தைக் கொடுத்தீர்கள் என்று கேட்கும் உரிமை புதிய சட்டத்தில் இருக்கிறதாமே?

இருக்கிறது, தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 11. ஆனால் அதைக் கவனமாகப் படிக்க வேண்டும். நீங்கள் சம்மதம் கொடுத்தோ, உங்கள் விருப்பத்தில் தானாகவோ ஒப்படைத்த விவரத்துக்குத்தான் அந்த உரிமை. திருத்தவும் அழிக்கவும் கேட்கும் பிரிவு 12ம் அப்படித்தான். சம்மதம் கேட்காமலே பிரிவு 7(ஆ)வின் கீழ் அரசு எடுத்துக்கொண்ட விவரம் இந்த வாசகத்துக்கு வெளியே நிற்கிறது. போதாததற்கு, அரசு வைத்திருக்கும் விவரத்தை வேலை முடிந்ததும் அழித்துவிட வேண்டும் என்ற கடமையிலிருந்தும் பிரிவு 17(4) விலக்கு அளிக்கிறது.

ஆக, ஷாப்பிங் செயலியிடம் கேட்க முடிந்த கேள்வியை நம் சொந்த நகராட்சியிடம் அதே சட்டத்தை வைத்துக் கேட்க முடியாத நிலை. செயலி பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடலாம். நகராட்சியை விட்டு எங்கே போவது? இந்த இடத்தில் சட்டம் திருத்தப்பட வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன். மாநில அரசு காத்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. எந்தத் துறை எந்தத் துறைக்கு எதற்காக என்ன கொடுக்கிறது என்ற பட்டியலை இன்றே இணையத்தில் போடலாம். அதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை.

அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டதா?

கட்டம் கட்டமாக வருகிறது. சட்டம் 2023 ஆகஸ்டில் நிறைவேறியது, விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. தரவுப் பாதுகாப்பு வாரியம் தொடர்பானவை உடனே நடைமுறைக்கு வந்தன. பாதுகாப்பு ஏற்பாடு, கசிவு அறிவிப்பு, மக்களின் உரிமைகள் போன்ற முக்கியப் பகுதிகளுக்கு 18 மாத அவகாசம், அதாவது 2027 மே வரை. கணினியில் ஏற்றாத வெறும் காகிதப் பதிவேட்டுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது.

பிறப்பு, இறப்புப் பதிவும் பகிரப்படுகிறதா?

ஆம். 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ள பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத் திருத்தத்தின்படி, பிறப்பு இறப்புப் பதிவுகள் தேசியத் தரவுத்தளத்துக்குப் போகின்றன. அங்கிருந்து வாக்காளர் பட்டியல், ரேஷன் கார்டு, பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், சொத்துப் பதிவு போன்றவற்றைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கு மத்திய அரசின் ஒப்புதலோடு விவரம் தரலாம். இறந்தவர் பெயரை நீக்க ஒவ்வொரு அலுவலகமாக அலையும் குடும்பத்துக்கு இது பெரிய ஆறுதல். அதே நேரத்தில், சுகாதார ஆய்வாளரோ வி.ஏ.ஓ.வோ பதியும்போது நேரும் ஒரு எழுத்துப் பிழையும் இத்தனை இடங்களுக்குப் பரவும். சான்றிதழ் கையில் கிடைத்த அன்றே பெயர், தேதி, பெற்றோர் பெயர் எல்லாவற்றையும் படித்துப் பாருங்கள்.

பயனாளிகள் பட்டியலைச் சுவரில் ஒட்டுகிறார்கள், இணையத்தில் போடுகிறார்கள். இது சரியா?

பட்டியல் சரி. அதில் என்னென்ன போடுகிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். மானியத் திட்டங்களின் பயனாளிகள் விவரத்தை அரசு தானாகவே வெளியிட வேண்டும் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் பிரிவு 4 சொல்கிறது. நூறு நாள் வேலையில் செத்தவர் பெயரிலும் வேலைக்கு வராதவர் பெயரிலும் பணம் எடுத்த கதைகள் வெளியே வந்தது, ஊர் மக்கள் பெயர்ப் பட்டியலைப் பார்க்க முடிந்ததால்தான். தரவுப் பாதுகாப்பு என்ற பெயரில் அந்தப் பட்டியலை மறைத்தால் நஷ்டம் ஏழைகளுக்குத்தான்.

ஆனால் பெயர், ஊர், தொகை போதும். ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் எதற்கு? ஆதார் எண்ணைப் பொதுவில் வெளியிடுவதை ஆதார் சட்டத்தின் பிரிவு 29(4) தடுக்கிறது. இருந்தும் 2017 ஏப்ரலில் ஜார்க்கண்ட் அரசின் இணையதளத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஓய்வூதியர்களின் ஆதார் எண்கள் கிடந்தன. மத்திய, மாநில அரசுத் துறைகளும் கல்வி நிறுவனங்களும் சேர்ந்து சுமார் 210 இணையதளங்கள் இப்படி வெளியிட்டதாக அதே ஆண்டு ஜூலையில் நாடாளுமன்றத்தில் அரசே சொன்னது.

2025 நவம்பரில் இன்னொரு மாற்றமும் நடந்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் பிரிவு 8(1)(ஒ) என்று தமிழில் குறிக்கப்படும் தனிநபர் தகவல் விலக்கில் முன்பு இருந்த நிபந்தனைகள் நீக்கப்பட்டன. இப்போது 'தனிநபர் தகவல்' என்று சொன்னாலே மறுக்க இடம் இருக்கிறது. பொதுநலன் பெரிதாக இருந்தால் தரலாம் என்ற பிரிவு 8(2) மட்டும் அப்படியே இருக்கிறது, மனுவில் அதைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

நோய் பற்றிய விவரத்தையும் பகிர்வார்களா?

தொற்றுநோய்க் காலத்தில் பகிர வேண்டிய தேவை உண்டு, ஆனால் பக்கத்து வீட்டுக்குத் தெரிய வேண்டிய தேவை இல்லை. 2020இல் சென்னையில் தனிமைப்படுத்தப்பட்டவர்களின் வீட்டு வாசலில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள், சில இடங்களில் தகரம் வைத்து அடைத்தார்கள். குணமான பிறகும் அந்தக் குடும்பங்களைத் தெருவே ஒதுக்கியதை நாம் பார்த்தோம். பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் உரிய அதிகாரியின் உத்தரவு இல்லாமல் அப்படி ஒட்டக் கூடாது என்று அந்த ஆண்டு டிசம்பர் 9 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. எச்.ஐ.வி. தொற்றுக்குத் தனிச் சட்டமே (2017) இருக்கிறது: சட்டம் சொல்லும் சில விதிவிலக்குகளைத் தவிர, உரியவரின் சம்மதம் இல்லாமல் யாரும் அதை வெளியே சொல்லக் கூடாது.

வார்டு கவுன்சிலர் பட்டியல் கேட்டால் கொடுக்கலாமா?

தண்ணீர் வராத தெரு எது, எத்தனை விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறது என்ற எண்ணிக்கை அவருக்குத் தேவை, தாராளமாகக் கொடுக்கலாம். குறிப்பிட்ட ஒருவரின் மனுவைக் கவனிக்க அந்த ஒருவரின் விவரம் போதும். வார்டில் உள்ள எல்லோருடைய பெயரும் செல்போன் எண்ணும் கட்சி வேலைக்குப் போகக் கூடாது. எந்தக் கட்சியாக இருந்தாலும் இதே பதில்தான்.

காவல்துறை கேட்டால்?

நிலைய அதிகாரி, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 94இன் கீழ் எழுத்து மூலம் உத்தரவிட்டு ஆவணம் கேட்கலாம். குற்ற விசாரணைக்குத் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் பெருமளவு விலக்கு தருகிறது. அதனால் கொடுக்க வேண்டியிருக்கும், ஆனால் எழுத்தில் வந்த பிறகு, அந்த வழக்குக்குத் தொடர்புடையதை மட்டும். போனில் கேட்டார்கள் என்று மொத்தப் பட்டியலையும் அனுப்புவது தவறு. ஆதார் ஆணையத்திடம் உள்ள அடையாள விவரத்தை நீதிமன்றம் வழியாகக் கேட்பதென்றால் உயர் நீதிமன்ற நீதிபதி நிலையில் உத்தரவு வேண்டும், கைரேகையும் கருவிழிப் பதிவும் அப்போதும் தரப்பட மாட்டாது.

விவரம் கசிந்துவிட்டால் எனக்கு என்ன பரிகாரம்?

2021 ஜூனில் தமிழ்நாட்டு ரேஷன் பயனாளிகளில் ஏறத்தாழ 50 லட்சம் பேரின் விவரங்கள் ஹேக்கர்கள் புழங்கும் தளம் ஒன்றில் கிடைப்பதாக ஒரு சைபர் பாதுகாப்பு நிறுவனம் தெரிவித்தது. புதிய சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வரும்போது, இப்படி நடந்தால் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் தெரிவித்தாக வேண்டும். பாதுகாப்பில் தவறியதற்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். ஆனால் அந்தப் பணம் அரசின் தொகுப்பு நிதிக்குப் போகும், உங்களுக்கு இழப்பீடு தர இந்தச் சட்டத்தில் வழி இல்லை. அதற்கு நீதிமன்றம்தான் போக வேண்டும்.

உடனே செய்யக்கூடியவை: ஆதார் இணையதளத்தில் கைரேகையைப் பூட்டி வைக்கலாம், கடந்த ஆறு மாதத்தில் உங்கள் ஆதார் எங்கெல்லாம் சரிபார்க்கப்பட்டது என்று பார்க்கலாம். ஆதார் உதவி எண் 1947. பணம் போயிருந்தால் நேரம் கடத்தாமல் சைபர் குற்ற உதவி எண் 1930.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சொல்வது வீட்டு வரிக்குப் போகுமா?

போகக் கூடாது. கணக்கெடுப்புச் சட்டம், 1948, பிரிவு 15இன்படி அந்தப் பதிவுகளை யாரும் பார்வையிடும் உரிமை கிடையாது, வேறு வழக்குகளில் சாட்சியமாகவும் செல்லாது. விவரத்தை வெளியே சொல்லும் கணக்கெடுப்பாளருக்குத் தண்டனை உண்டு. வருகிறவர் நாளை அதே மாநகராட்சியில் வேறு வேலை பார்ப்பவராகவோ உள்ளூர்ப் பள்ளி ஆசிரியராகவோ இருக்கலாம், அந்தக் கட்டுப்பாடு அவரோடு கூடவே இருக்கும். தயங்காமல் உண்மையைச் சொல்லுங்கள்.

நான் உள்ளாட்சி அலுவலகத்தில் வேலை செய்கிறேன். மேலிடத்திலிருந்து வாட்ஸ்அப்பில் பட்டியல் கேட்கிறார்கள். என்ன செய்வது?

மறுப்பது உங்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்று தெரியும், அதிலும் ஒப்பந்த ஊழியராக இருந்தால். "சரிங்க சார், ஒரு மெயில் போட்டுவிடுங்கள், உடனே அனுப்புகிறேன்" என்று சொல்லுங்கள். கேட்டவர், தேதி, காரணம் மூன்றும் பதிவாகிவிடும். பட்டியலில் கேட்ட வேலைக்குத் தேவையில்லாத பத்திகளை நீக்குங்கள், ஆதாரின் கடைசி நான்கு எண்ணைத் தவிர மற்றதை மறையுங்கள். கோப்புக்குக் கடவுச்சொல் போட்டு, கடவுச்சொல்லைத் தனியாகப் போனில் சொல்லுங்கள். நூறு பேர் இருக்கும் குழுவில் எக்ஸெல் கோப்பைப் போட வேண்டாம். அந்தக் குழுவில் இடமாற்றலாகிப் போனவர்களும் ஓய்வு பெற்றவர்களும் இன்னும் இருப்பார்கள், யாருடைய போனில் அது தங்கியிருக்கிறது என்று பிறகு யாராலும் கண்டுபிடிக்க முடியாது.